பாலியல் கல்வியும் பெற்றோர் கருத்தும்

வளரும் பிள்ளைகளுக்குப் பள்ளியில் பாலியல் அறிவு புகட்டுதல் தகுமா என்னும் வினா, நம் நாட்டில் நெடுநாளாக வாதத்திற்கு உரியதாக இருந்து வருகின்றது. 2005ஆம் ஆண்டு நடுவண் அரசு வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. 2007இல் மகாராஷ்டிரம், குஜராத், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் முதலிய மாநிலங்கள் அதனை ஏற்க மறுத்தன. திரு. வெங்கைய நாயுடு தலைமையில் அமைந்த மாநிலங்களவை மனுக்கள் குழுவும், பள்ளிகளில் பாலியல் கல்வி வேண்டுவதில்லை என்று 2009இல் பரிந்துரைத்தது.

இவ்வெதிர்ப்பின் பின்னே நிற்பது பெற்றோரின் அச்சம். அது எள்ளி நகையாடத் தக்கதன்று. உறங்கும் ஆவலைப் பாடமே தட்டி எழுப்பிவிடாதா என்பது அவர்களது முதல் ஐயம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட வழிகாட்டி நூல், இக்கல்வியினால் இளைஞர் முன்னதாகவே பாலுறவில் இறங்குவதில்லை என்று தெளிவுறுத்துகின்றது.

இதனை வீட்டிலேயே சொல்லலாகாதா என்பது இரண்டாம் ஐயம். சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆயினும் எத்துணை வீடுகளில் சொல்லப்படுகின்றது? திருவனந்தபுரத்துச் சாலைத் தெருவை நோக்குவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசர் நிறுவிய அவ்வணிகப் பெருந்தெருவில், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாணிகம் புரிந்து வருகின்றன. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமுமாக இருமொழியில் வளரும் பிள்ளைக்கு, உடலின் மறைவான உறுப்புகளைக் குறிக்க எம்மொழியிலும் தாய் ஒரு சொல் தருவதில்லை. கொச்சைச் சொல்லை நாணம் தடுக்கின்றது. மருத்துவச் சொல்லோ வீட்டில் வழங்குவதில்லை. பெயரில்லாத இடத்தில் தீங்கு நேர்ந்தால், பிள்ளை அதனை எவ்வாறு முறையிடும்?

இங்கேதான் ஆபத்து உறைகின்றது. நடுவண் அரசு 2007இல் வெளியிட்ட ஆய்வு, பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வினவியது. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் தீங்குக்கு உள்ளானதாகக் கூறினர். தீங்கிழைத்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேர், பிள்ளை அறிந்தவர்களும் நம்பியவர்களுமே ஆவர். ஆகவே, வேற்றாளிடம் பேசாதே என்னும் அறிவுரை மட்டும் போதாது.

2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் பதினெட்டு வயது நிரம்பாத அனைவரையும் பிள்ளைகளாகக் கொண்டு காக்கின்றது. அச்சட்டத்தை அறியாமையால் இளைஞர் சிலர் குற்றவாளிகளாகவும் நிற்க நேர்கின்றது. இதனைக் கருதியே கேரள உயர் நீதிமன்றம், 2022இல் ஒரு ஜாமீன் மனுவை விசாரிக்கையில், பாலியல் தீங்கைத் தடுக்கும் கல்வியைப் பாடத்திட்டத்தில் சேர்க்குமாறு மாநில அரசுக்கும் சி.பி.எஸ்.இ. வாரியத்துக்கும் பணித்தது.

இக்கல்வி எல்லா வயதினர்க்கும் ஒன்றன்று. சிறுவர்க்கு உறுப்புகளின் பெயரும், தகாத தொடுதலை மறுக்கும் துணிவும் போதும். பத்து வயதையொட்டிப் பூப்பும் உடல் மாற்றமும் விளக்கப்பட வேண்டும். பெண் பிள்ளை அஞ்சி அழுத பிறகு விளக்குவதில் பயனென்ன? மேல் வகுப்பினர்க்கு நோய்த் தடுப்பும் சட்டமும் பிறர் விருப்பத்தை மதிக்கும் பண்பும் உரியன.

பெற்றோர் செய்யத்தக்கது யாது? பாடநூலை முன்னரே கேட்டுப் படிக்கலாம். கற்பிப்பவர் பயிற்சி பெற்றவரா என்று ஆசிரியர்-பெற்றோர் கூட்டத்தில் வினவலாம். பள்ளியில் கேட்டதைப் பிள்ளை வீட்டில் சொல்லும்போது, அதட்டாமல் செவிசாய்க்கலாம். அவசர உதவிக்கு 1098 என்னும் தொலைபேசி எண்ணைப் பிள்ளைக்கு மனப்பாடம் செய்விக்கலாம்.

நாணம் நம் மரபின் அணிகலனே. அதனை நாம் இழக்க வேண்டுவதில்லை. ஆனால், துன்புற்ற பிள்ளையின் வாயைப் பூட்டும் தாழாக அது மாறுமாயின், அந்தத் தாழைத் திறப்பது பள்ளிக்கும் வீட்டுக்கும் பொதுவான கடமை.