மன்னிப்பும் தலைமுறை கடந்து வரும் குழந்தைப் பருவ மனக்காயமும்

குழந்தைப் பருவத்தில் அடி, அவமதிப்பு, பாலியல் துன்புறுத்தல், புறக்கணிப்பு ஆகியவற்றுக்கு ஆளானவர்களில் பலர், தாமே பெற்றோரான பின்னர்தான் அதன் பாதிப்பை உணர்கின்றனர். குழந்தை பாலைக் கொட்டிவிடுகிறது. கை தானாக ஓங்குகிறது. தந்தை அன்று கூறிய அதே சொற்கள் வாயிலிருந்து வெளிப்படுகின்றன. "நானும் அவரைப் போல் ஆகிவிட்டேனோ" என்ற அச்சம் எழுகிறது.

துன்புறுத்தப்பட்டு வளர்ந்தோரில் பெரும்பாலோர் தம் பிள்ளைகளைத் துன்புறுத்துவதில்லை. ஆயினும் பாதிப்பு வேறு வழிகளிலும் தொடரக்கூடும். பெலிட்டி, ஆண்டா ஆகியோரும் உடன் பணியாற்றியோரும் 1998-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வின்படி, குழந்தைப் பருவத்தில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்களுக்கு ஆளானோருக்கு மது அடிமைத்தனம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம், துன்பம் எதுவும் நேராதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு வரை அதிகம். பெற்றோரின் குடியும் தீராச் சோர்வும் அடுத்த குழந்தையின் அன்றாடச் சூழலாகிவிடுகின்றன.

"பெற்றவர்தானே, மன்னித்துவிடு" என உறவினர்கள் கூறுவதுண்டு. மன்னித்தால்தான் குணமாகலாம் என்று மருத்துவத்தில் எந்த நிபந்தனையும் இல்லை. மன்னிப்பதால் சிலருக்கு மனச்சுமை குறைகிறது. மன்னிக்காமலேயே நலம் பெறுவோரும் உளர். வற்புறுத்தலுக்காக அவசரமாக மன்னிப்பவரின் சினம் அடங்காமல் இருக்கக்கூடும். எதிர்த்துப் பேச இயலாத குழந்தையின் மீது அது திரும்பவும் கூடும்.

மிச்சிகனில் பணியாற்றிய செல்மா பிரைபெர்க் குழுவினர் 1975-இல் எழுதிய கட்டுரையில் ஓர் இளந்தாய் இடம்பெறுகிறார். தன் குழந்தையின் அழுகை அவர் செவியில் விழாதது போலவே இருந்தது. அவரது இளமைத் துயரை ஒருவர் பொறுமையாகக் கேட்டு, அவர் மனம்விட்டு அழ முடிந்த பிறகே, அழும் குழந்தையை வாரி அணைக்கத் தொடங்கினார். நடந்ததை நினைவுகூர்வது மட்டும் போதாது. அன்றைய வலியையும் உணர இயன்றவர்களே அதைத் தம் பிள்ளைகளிடம் தொடராமல் தடுக்க முடிகிறது என்று அக்குழுவினர் கருதினர்.

சினத்தில் குழந்தையை அடித்துவிட்டால், சற்று விலகி நின்று அமைதி அடைந்தபின், "நான் செய்தது தவறு, உன் மீது குற்றமில்லை" என்று குழந்தையிடமே கூறுங்கள். இதனால் பெற்றோரின் மதிப்புக் குறைந்துவிடாது.

அன்று துன்புறுத்திய தாய் அல்லது தந்தையை முதுமையில் பராமரிக்க நேர்ந்தவர்களின் நிலை மிகக் கடினமானது. வேளை தவறாமல் மருந்து கொடுக்க மன்னித்திருக்க வேண்டியதில்லை. பொறுப்பை உடன்பிறந்தோருடன் பகிர்ந்துகொள்ளலாம். பாலியல் துன்புறுத்தல் செய்தவரை மன்னித்துவிட்டாலும், அவரிடம் குழந்தைகளைத் தனியே விடலாகாது.

தூக்கமின்மை, அடங்காச் சினம், தற்கொலை எண்ணம் ஆகியவை இருப்பின் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகவும். டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். ஒரு குழந்தை இப்போது ஆபத்தில் இருந்தால் 1098-ஐ அழைக்கவும்.