நாற்காலி ஓய்வாகாது: கால் நீட்டிப்புச் சிகிச்சைக்குப் பின் மேசை வேலைக்குத் திரும்புவோர் அறியவேண்டியவை

கால் எலும்பை நீட்டும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வேலைக்கும் திரும்பிவிட்ட பிறகு, குதிகால் தரையில் படியாமலும் முழங்கால் முழுதாக நிமிராமலும் வருவோரை எலும்பு மருத்துவர்கள் தொடர்ந்து பார்த்துவருகின்றனர். இவர்களில் பலருக்கு அறுவைச் சிகிச்சையில் குறை எதுவும் இருப்பதில்லை. எலும்பும் ஒழுங்காகவே வளர்ந்திருக்கும். உட்கார்ந்து பார்க்கும் வேலைதானே என்று நாள் முழுவதும் கணினிக்கு முன் காலை மடக்கி அமர்ந்ததும், பயிற்சிகளைக் கைவிட்டதும், வலி மாத்திரையைத் தாமே வாங்கி விழுங்கியதும் சேர்ந்து காலைக் கெடுத்துவிடுகின்றன. பிறவியிலேயே ஒரு கால் குட்டையானவர், விபத்தில் எலும்பை இழந்தவர், உயரம் வேண்டிச் செய்துகொண்டவர் ஆகிய மூவருக்கும் இந்த ஆபத்து பொதுவானது.

எலும்பின் கால அட்டவணை

சைபீரியாவின் குர்கான் நகரில் மருத்துவர் கவ்ரீல் இலிசரோவ் 1950-களில் உருவாக்கிய முறையே இன்றைய சிகிச்சைக்கும் அடிப்படை. வெட்டிய எலும்பை ஏறத்தாழ ஒரு வாரம் அசைக்காமல் விட்டு, பின்னர் நாளொன்றுக்கு 1 மி.மீ. வீதம், பெரும்பாலும் 0.25 மி.மீ. அளவாக நான்கு முறை, இரு முனைகளையும் மெல்ல விலக்கினால் இடைவெளியில் புதிய எலும்பு உருவாகிறது. இதன்படி 5 செ.மீ. நீட்டுவதற்கு 50 நாள் ஆகும் என்றாலும், அப்போது உருவாகியிருப்பது உடலின் எடையைத் தாங்க இயலாத இளம் எலும்பே ஆகும். அது இறுகும்வரை, காலுக்கு வெளியே பொருத்திய வளையச் சட்டத்தை ஒரு செ.மீ.க்கு ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் என்ற கணக்கில் அணிந்திருக்க வேண்டியிருப்பதால், 5 செ.மீ. நீட்டியவருக்கு ஐந்து முதல் ஏழெட்டு மாதங்கள் கடந்துவிடும்.

எலும்பின் உட்குழியில் செலுத்தி, வெளியிலிருந்து காந்தக் கருவியால் நீட்டும் ஆணிகள் இப்போது உள்ளன. அவை சட்டத்தின் தொல்லையைக் குறைக்கின்றனவே அன்றி, எலும்பு இறுகும் காலத்தைப் பெரிதாகக் குறைப்பதில்லை. மருத்துவர் இசைந்தால் சில வாரங்களில் வீட்டிலிருந்தபடி பகுதிநேரமாக வேலை செய்யலாம். ஆனால் அலுவலகம் செல்லும் நாளை எலும்பின் உறுதியும் மூட்டின் அசைவும் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும், விடுப்பு முடியும் தேதியைப் பார்த்து அல்ல.

விலகாத தவறான நம்பிக்கைகள்

உட்கார்ந்திருப்பது ஓய்வு என்பது முதல் தவறு. எலும்பு நீளும்போது தசைகளும் நரம்புகளும் உடன் இழுபடுகின்றன. எலும்பின் வேகத்துக்குத் தசையால் ஈடுகொடுக்க முடிவதில்லை. இந்நிலையில் முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தொங்கவிட்டு எட்டு மணி நேரம் அமர்ந்தால், தொடையின் பின்தசையும் கெண்டைத்தசையும் குறுகிய நிலையிலேயே இறுகிவிடும். மூட்டு தன் முழு அசைவை இழக்கும் இந்நிலை மூட்டுச் சுருக்கம் எனப்படும். முற்றினால் அதைச் சரிசெய்ய மற்றோர் அறுவைச் சிகிச்சையே தேவைப்படலாம். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து உறங்குவதும் இதே கேட்டையே செய்கிறது. காலை உயர்த்த வேண்டுமானால் குதிகாலுக்கு அடியில் முட்டுக்கொடுத்து, முழங்கால் நேராக இருக்குமாறு வைக்க வேண்டும்.

சீக்கிரம் வேலைக்குப் போகலாம் என்று, எலும்பை விலக்கும் திருகைக் கூடுதலாகச் சுற்றுவது இரண்டாவது தவறு. வேகம் மிகுந்தால் புதிய எலும்பு நலிந்து உருவாகும், நரம்பு பாதிக்கப்பட்டுப் பாதம் மரத்துப்போகும். வலிக்கு அஞ்சிச் சுற்றாமல் விட்டாலோ, நீட்டி முடிக்கும் முன்பே எலும்பு ஒட்டிக்கொண்டு மீண்டும் வெட்ட நேரும்.

சட்டத்தின் கம்பி காலில் நுழையும் இடங்களில் மஞ்சள் பத்து, சாம்பல், பச்சிலைச் சாறு பூசுவது கிருமியைத் தசைக்குள்ளும் எலும்பு வரைக்கும் கொண்டுசெல்லும் வழியாகும். மருத்துவர் குறித்த திரவத்தால் துடைத்து உலர வைப்பதே அவ்விடத்துக்குப் போதுமானது. இறுக்கம் நீங்கட்டும் என்று எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதும், நாட்டுக் கட்டுப் போடுவதும் இளம் எலும்பை முறித்துவிடக்கூடும். முட்டையும் மீனும் பருப்பும் சாப்பிட்டால் புண் சீழ் வைக்கும் என்று பத்தியம் இருப்போர், எலும்பும் தசையும் வளரத் தேவையான புரதத்தையே உடலுக்கு மறுக்கின்றனர்.

மிகுந்த கவலை தருவது மருந்துக் கடை வைத்தியம். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை வாரக்கணக்கில் விழுங்கினால் இரைப்பையும் சிறுநீரகமும் கெடும் என்பதோடு, எலும்பு உருவாவதும் தாமதப்படலாம். எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பதைச் சிகிச்சை அளித்தவரைக் கேட்காமல் கடைக்காரரைக் கேட்பதற்கு எந்த நியாயமும் இல்லை. கால்சியம் மாத்திரையை இரட்டிப்பாக்கினால் எலும்பு இரு மடங்கு வேகமாக வளராது. இரத்தம் உறையாமல் காக்கக் கொடுத்த மருந்தை, நன்றாகத்தானே இருக்கிறோம் என்று பாதியில் நிறுத்துவது உயிருடன் விளையாடுவதாகும். புகைபிடிப்பவருக்கோ, நிகோடின் இரத்த ஓட்டத்தைக் குறைத்து எலும்பு கூடுவதைத் தடுப்பதால், எந்த மாத்திரையும் கைகொடுக்காது.

வலி இல்லையென்றால் எலும்பு கூடிவிட்டது என்ற முடிவும் தவறே. உள்ளே ஆணி இருப்பதால் கவலையில்லை என்பதும் அப்படியே: முழு எடையும் தாங்கும் என்று 2018-இல் அறிமுகமான துருப்பிடிக்காத எஃகு ஆணி வகையே, எலும்பில் மாற்றங்கள் தெரியவந்ததால் 2021-இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. ஆகவே ஆணியை நம்பி, அனுமதிக்கப்பட்ட எடைக்கு மேல் ஊன்றாமலிருப்பது நோயாளியின் பொறுப்பு.

பரிசோதனை

எக்ஸ்-ரே படங்களில் புதிய எலும்பின் நான்கு பக்கச் சுவர்களில் குறைந்தது மூன்று உருவானது தெரிந்த பின்னரே முழு எடை ஊன்ற அனுமதி கிடைக்கும்.

அலுவலகத்தில்

தொடக்க வாரங்களில் அரை நாள் வேலையே போதும். அரை மணி முதல் முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று, முழங்காலை நிமிர்த்தி, கணுக்காலை மேலும் கீழும் அசைக்க வேண்டும். அமர்ந்திருக்கையில் பாதம் முழுதும் தரையிலோ கால்பலகையிலோ படிந்திருக்கட்டும். இடையிடையே காலை எதிர் நாற்காலியில் நேராக நீட்டி வைக்கலாம். மின்தூக்கியும் மேற்கத்தியக் கழிப்பறையும் இல்லாத கட்டடத்துக்கு இப்போதைக்குச் செல்லாதிருப்பதே நல்லது. இருசக்கர வாகனத்தையும் காரையும் மருத்துவர் அனுமதிக்கும்வரை ஓட்டக்கூடாது. பிசியோதெரபி என்னும் இயன்முறைப் பயிற்சி அன்றாட வேலையின் ஒரு பகுதி. அதற்கான நேரத்தை நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டுப் பெறவேண்டும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அது ஆழ்சிரையில் இரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். அந்த உறைகட்டி நுரையீரலை அடைந்தால் மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் தோன்றி உயிருக்கே ஆபத்தாகும். காய்ச்சல், கம்பியைச் சுற்றிச் சீழ், பாதத்தைத் தூக்க இயலாமை, திடீரெனக் கால் வளைதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஒரு வேண்டுகோள்

உயரத்துக்காகச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் அதைக் குடும்பத்தாரிடமும் அலுவலகத்திலும் மறைப்பதால், ஐயம் எழாதிருக்க விரைந்து வேலைக்குத் திரும்பி, சிக்கல் முற்றிய பிறகே உதவி தேடுகின்றனர். உயரத்துக்காக மட்டும் இதைச் செய்வதைச் சீனா 2006-இல் தடைசெய்யும் அளவுக்கு இச்சிகிச்சையின் சிக்கல்கள் கடுமையானவை. செய்துகொண்டவரைப் பழிப்பதால் பயன் இல்லை. ஆனால் வீட்டில் ஒருவருக்கேனும் உண்மை தெரிந்திருக்கட்டும். மாதக்கணக்கில் வலியைப் பொறுத்தும் பெரும் பணம் செலவழித்தும் பெற்ற காலை, சில வார அவசரத்துக்கும் கடை மாத்திரைக்கும் பலிகொடுக்க வேண்டாம். குதிகால் தரையில் படியவில்லை என்று தெரிந்த அன்றே மருத்துவரிடம் வாருங்கள். அன்று பயிற்சியால் சரியாகக்கூடியதற்கு ஆறு மாதம் கழித்துக் கத்தி தேவைப்படலாம்.