சமையல் கழிவை தின்று உரமாக்கும் மண்புழு: பொடக்காளியில் 4 அடி இடம் இருந்தாலே போதும்

கோவை,

காய்கறி தோல், வாழைப்பழ தோல், கீரை தண்டு, டீத்தூள் சக்கை. காலையில் குப்பை வண்டி வராவிட்டால் மதியத்துக்குள் நாற்றம் எடுத்து வீட்டையே கலக்கி விடும். இந்த கழிவை வீட்டு பொடக்காளியிலேயே உரமாக்கி விடலாம். அதற்கு பெரிய தோட்டமோ, மெஷினோ தேவை இல்லை. ஒரு பழைய பிளாஸ்டிக் டிரம், நிழல் விழும் 4 அடி இடம், கால் கிலோ மண்புழு இருந்தால் போதும்.

"புழுவா? அதுவும் வீட்டிலேயா?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆசையாக ஆரம்பித்து, ஒரே வாரத்தில் புழுக்கள் செத்து போனதால் கைவிட்டவர்களும் உண்டு. எங்கே தவறு நடக்கிறது, எப்படி செய்தால் புழு தங்கும் என்பது பற்றிய விவரம் வருமாறு:-

வெள்ளலூரில் எரிந்தது யார் வீட்டு குப்பை?

2024-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் கோவை வெள்ளலூர் குப்பை கிடங்கில் தீப்பிடித்தது. தீயணைப்பு படையினர் நாட்கணக்கில் போராட வேண்டி இருந்தது. சுற்று வட்டார மக்கள் புகையில் மூச்சு விட முடியாமல் தவித்தனர். 2022-ம் ஆண்டு ஏப்ரலில் சென்னை பெருங்குடி கிடங்கிலும் இதே கதைதான்.

மக்கும் குப்பை தனியாக இருந்தால் மண்ணாகி விடும். பிளாஸ்டிக்கோடு கலந்து மலை போல குவியும்போது உள்ளே காற்று போகாது. காற்று இல்லாமல் அழுகும் கழிவில் இருந்து மீத்தேன் வாயு வரும். அது எளிதில் தீப்பிடிக்க கூடியது. மழை பெய்தால் குப்பையில் இருந்து வடியும் கருப்பு தண்ணீர் நிலத்தடி நீரில் இறங்கும்.

வீட்டிலேயே குப்பையை பிரித்து கொடுக்க வேண்டும் என்பதை 2016-ம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளே கட்டாயம் ஆக்கி விட்டன. ஆனாலும் பலர் ஒரே பையில் கட்டி கொடுக்கிறார்கள். அழுகிய சோற்றையும், உடைந்த கண்ணாடியையும் கையால் பிரிப்பவர்கள் தூய்மை பணியாளர்கள்தான். சமையல் கழிவு வீட்டோடு நின்று விட்டால் அவர்கள் வேலையில் பாதி சுமை குறையும்.

புழு என்ன செய்கிறது?

மண்புழுவுக்கு பல் கிடையாது. நுண்ணுயிர்கள் மென்மையாக்கிய கழிவைத்தான் தின்னும். கூடவே விழுங்கும் மணல் துகள்கள், வயிற்றில் உள்ள அரைவை பையில் ஆட்டுக்கல் போல அந்த உணவை அரைக்கும். வெளியே வரும் எச்சம்தான் டீத்தூள் மாதிரி உதிரியான உரம்.

மண்புழுவுக்கு நுரையீரலும் கிடையாது. ஈரமான தோல் வழியாகத்தான் மூச்சு விடும். தோல் காய்ந்தால் செத்து விடும். தண்ணீர் தேங்கினாலும் மூச்சு முட்டி விடும். இந்த ஒரு விஷயம் புரிந்து விட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எந்த புழு வாங்க வேண்டும்?

மழை காலத்தில் வயலில் நெளியும் நாக்குப்பூச்சி எல்லாம் இதற்கு ஆகாது. அவற்றில் பல ஆழமாக மண்ணை துளைத்து வாழ்பவை. டிரம்முக்கு மேல் மட்டத்தில் குப்பையை தின்று வாழும் புழுதான் வேண்டும். ஐசீனியா பெடிடா என்ற சிவப்பு புழு, யூட்ரிலஸ் யூஜினியே என்ற ஆப்பிரிக்க புழு, பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் என்ற நம் நாட்டு புழு ஆகியவை ஏற்றவை. வேளாண் அறிவியல் நிலையங்களிலும், மண்புழு உரம் தயாரிக்கும் விவசாயிகளிடமும் விசாரித்து வாங்கலாம்.

டிரம்மை தயார் செய்வது எப்படி?

2 அடி உயர டிரம்மின் அடியில் 8 அல்லது 10 ஓட்டை போட்டு, 4 செங்கல் மேல் தூக்கி வைக்க வேண்டும். வடியும் தண்ணீரை பிடிக்க கீழே ஒரு தட்டு வேண்டும். பக்கவாட்டிலும் காற்று போக சின்ன ஓட்டைகள் தேவை.

அடியில் 3 அங்குலத்துக்கு உடைந்த செங்கல் ஜல்லி, அதன் மேல் 2 அங்குலம் ஆற்று மணல், அதற்கு மேல் தேங்காய் மட்டை துண்டுகள். பிறகு காய்ந்த இலையும், ஆறிய மாட்டு சாணமும் கலந்து அரை அடிக்கு நிரப்ப வேண்டும். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, புழுவை மேலே விட்டால் அதுவே உள்ளே போய்விடும். மேலே ஈர கோணி சாக்கை போட்டு மூட வேண்டும். புழுவுக்கு வெளிச்சம் ஆகாது.

முதல் வாரத்தில் சாவது ஏன்?

பெரும்பாலும் அவசரம்தான் காரணம். பச்சை சாணத்தையும், பச்சை கழிவையும் மொத்தமாக கொட்டினால் அது அழுகும்போது சூடு கிளம்பும். கையை விட்டு பார்த்தாலே தெரியும். அந்த சூட்டில் புழு வெந்து விடும், அல்லது டிரம்மை விட்டு ஓடி விடும். எனவே சாணத்தை 15 நாளாவது நிழலில் ஆற வைத்துத்தான் போட வேண்டும்.

அடுத்த தவறு, ஒரே நாளில் நிறைய போடுவது. எல்லாம் சரியாக இருந்தால் புழு ஒரு நாளில் தன் எடையில் பாதி அளவுக்கு தின்னும். கால் கிலோ புழு என்றால் 125 கிராம். அதாவது 2 கைப்பிடி. முதல் வாரம் அதிலும் பாதி போதும். சில மாதங்களில் புழு பெருகியதும் அளவை கூட்டலாம்.

ஈரத்துக்கு ஒரு சோதனை உண்டு. ஒரு பிடி எடுத்து இறுக்கி பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் வர வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், காய்ந்த இலை சேர்க்க வேண்டும். உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

ஏப்ரல், மே வெயில்தான் பெரிய கண்டம். 35 டிகிரிக்கு மேல் புழுவுக்கு தாங்காது. மர நிழலிலோ, ஓலை கூரைக்கு கீழோ வைத்து, சாக்கை காலை, மாலை நனைக்க வேண்டும். மழை காலத்தில் தண்ணீர் இறங்காமல் மேலே ஒரு தகரம் வைத்தால் போதும்.

எதை போடலாம்? எதை போடக்கூடாது?

காய்கறி, பழ தோல், கீரை தண்டு, டீத்தூள், நொறுக்கிய முட்டை ஓடு, காய்ந்த பூ ஆகியவற்றை சின்னதாக நறுக்கி போடலாம். கறி, மீன், பால், எண்ணெய், உப்பு, காரம் கலந்த மிச்ச குழம்பு கூடவே கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சு தோல், வெங்காயம், பூண்டு தோல் அதிகம் ஆகாது. பூ மாலையில் நூல், சரிகை இருந்தால் பிரித்து எடுத்து விட வேண்டும்.

நாற்றம் வந்தால் ஏதோ தவறு என்று அர்த்தம். ஒழுங்காக நடக்கும் டிரம்மில் மழை பெய்த மண் வாசம்தான் வரும். சின்ன ஈக்கள் மொய்த்தால், போடும் கழிவை மேலே விடாமல் காய்ந்த இலைக்கு கீழே புதைக்க வேண்டும்.

எறும்பும், எலியும் புழுவுக்கு எமன். டிரம்முக்கு கீழே உள்ள செங்கற்களை தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் வைத்தால் எறும்பு ஏறாது. அந்த தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். எலி, கோழி வராமல் மேலே கம்பி வலை அவசியம்.

உரம் எடுப்பது எப்படி?

2 அல்லது 3 மாதத்தில் மேல் பகுதி கருப்பாக, டீத்தூள் போல மாறும். அதன் பிறகு 3 நாள் தண்ணீர் தெளிக்காமல் விட்டால் புழுக்கள் ஈரம் தேடி கீழே இறங்கி விடும். மேலே உள்ள உரத்தை கையால் வழித்து எடுத்து, வெளிச்சத்தில் கூம்பாக குவித்து வைத்தால் மிச்சம் இருக்கும் புழுவும் அடிக்கு போய்விடும். சலித்து, நிழலில் வைத்து பயன்படுத்தலாம்.

செடிக்கு மாதம் ஒரு முறை 2 கைப்பிடி போதும். ஆனால் ஒன்றை மறக்க கூடாது. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். மண்புழு உரத்தில் சுமார் 1 முதல் 2 சதவீதம்தான். ஒரே வாரத்தில் செடி கிடுகிடுவென வளரும் என்று எதிர்பார்க்க கூடாது. மண் பொலபொலப்பாகும், ஈரம் நிற்கும், வேர் நன்றாக இறங்கும். அந்த பலன் மெதுவாகத்தான் தெரியும்.

ஒரு வீட்டில் தினமும் அரை கிலோ சமையல் கழிவு என்று வைத்து கொண்டாலும் வருடத்துக்கு 180 கிலோவுக்கு மேல் ஆகிறது. கிடங்குக்கு போனால் அது புகை. பொடக்காளியில் நின்றால் அதுவே கத்தரி, தக்காளி, கறிவேப்பிலைக்கு காசில்லாத உரம்.