தனியார் மருத்துவமனைச் சட்டம்: நோயாளிக்கு என்ன உரிமை?

மீன் வாங்கினால் கிலோ என்ன விலை என்று கேட்கிறோம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு முழம் பூ வாங்கினாலும் பேரம் பேசாமல் நகர்வதில்லை. ஆனால் கிளினிக்கில் 95 வெள்ளி என்றால் மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டு வருகிறோம். எதற்கு எவ்வளவு என்று கேட்க வாய் வருவதில்லை. டாக்டர் தவறாக நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம்.

இந்தக் கூச்சம் எனக்கும் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் கிள்ளானில் ஒரு கிளினிக்கில் என் தாயாருக்கு மாதா மாதம் மருந்து வாங்கி வந்தோம். இனிப்பு நீர், இரத்த அழுத்தம் இரண்டும் அவருக்கு உண்டு. ரசீதில் ‘மருந்து’ என்று ஒரே சொல், பக்கத்தில் ஒரு தொகை. அவ்வளவுதான். ஒரு மாதம் கைக்கடி ஏற்பட்டபோது, விலை அதிகம் என்று தாமாகவே நினைத்துக்கொண்டு ஒரு மாத்திரையை அம்மா நிறுத்திவிட்டார். பிறகு விசாரித்தால், இருப்பதிலேயே மலிவானது அதுதான்! இனிப்பு நீருக்கான மாத்திரை. சர்க்கரை ஏறி, மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போய்விட்டது.

நம் சமூகத்திற்கு இது சின்ன விஷயமல்ல. 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களே அதிகம். மாதச் செலவில் மருந்தும் ஒன்றாகிவிட்ட குடும்பங்கள் நம்மிடையே ஏராளம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

1998-ஆம் ஆண்டு தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டம் 586 என்பார்கள். நடைமுறைக்கு வந்தது 2006 மே 1-ஆம் தேதி. கிளினிக், பல் கிளினிக், மருத்துவமனை, பிரசவ இல்லம், டயாலிசிஸ் மையம் எல்லாமே இதற்குள் அடங்கும். பதிவோ உரிமமோ இல்லாமல் நடத்தும் தனிநபருக்கு 3 லட்சம் வெள்ளி வரை அபராதம், ஆறாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சுகாதாரம் மத்திய அரசின் பொறுப்பு என்பதால், கிள்ளான் சிலாங்கூரில் இருந்தாலும் பிரிக்பீல்ட்ஸ் கூட்டரசுப் பிரதேசத்தில் இருந்தாலும் சட்டம் ஒன்றே.

இதில் 38-ஆவது பிரிவை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தேவைப்படும் எவருக்கும் உயிர் காக்கும் அவசரச் சிகிச்சை அளிக்க எந்தத் தனியார் மருத்துவமனையும் கிளினிக்கும் எந்நேரமும் தயாராக இருக்க வேண்டும் என்கிறது அது. நடு இரவில் நெஞ்சுவலி வந்தவரைக் காரில் ஏற்றிக்கொண்டு, முன்பணம் கேட்பார்களே என்று பயந்து, திறந்திருக்கும் மருத்துவமனையைத் தாண்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். போகாதீர்கள். முதல் சிகிச்சையை அங்கே பெற்று, நிலைமை சீரானபின் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா போன்ற அரசாங்க மருத்துவமனைக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம். ஒன்றை மறக்க வேண்டாம். இலவசம் என்று சட்டம் சொல்லவில்லை. பில் பிறகு வரும்.

பில் என்றதும் அடுத்த விஷயம். தனியார் மருத்துவமனையில் சேரும் முன்பே உத்தேசச் செலவு எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவும், பின்னர் விவரமான பில்லைக் கேட்டு வாங்கவும் 2006-ஆம் ஆண்டு விதிமுறைகள் இடமளிக்கின்றன. டாக்டர் கட்டணத்திற்கு அட்டவணை உண்டு. அறை, மருந்து, கையுறை, கருவி ஆகியவற்றுக்கு அப்படி உச்சவரம்பு இல்லை. பில் வீங்குவது பெரும்பாலும் இங்கேதான். ஆகவே, மொத்தத் தொகையைப் பார்த்து மலைத்து நிற்காமல், வரி வரியாகப் படியுங்கள்.

இனி மருந்து விலைக்கு வருவோம். 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருத்துவமனைகளும் மருந்தகங்களும் மருந்து விலையைக் காட்டியாக வேண்டும். பலகையாகவோ, பட்டியலாகவோ, புத்தகமாகவோ, கணினி வழியாகவோ காட்டலாம். விலையைக் காட்டு என்பதுதான் உத்தரவு. இந்த விலைக்கு மேல் விற்காதே என்பதல்ல. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

டாக்டர்கள் இதை எதிர்த்தார்கள். அதே ஆண்டு மே 6-ஆம் தேதி புத்ராஜெயாவில் திரண்டார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வியாபாரத்திற்காக இயற்றப்பட்ட விலைக் கட்டுப்பாட்டு, கொள்ளை லாபத் தடுப்புச் சட்டத்தைக் கிளினிக்குகள் மீது பாய்ச்சுவதா என்பது ஒரு கேள்வி. இன்னொன்று கட்டணம். பொது மருத்துவரின் ஆலோசனைக் கட்டணத்தை 10 முதல் 35 வெள்ளி வரை என்று 2006 விதிகள் கட்டிப்போட்டன. வாடகையும் தாதியர் சம்பளமும் ஏறின. அந்தத் தொகை பல ஆண்டுகள் அசையவில்லை. தமிழ்நாட்டில் டாக்டர் சீட்டு எழுதித் தந்தால் மருந்துக் கடைக்குப் போவார்கள். இங்கோ கிளினிக்கிலேயே மருந்தும் கிடைக்கிறது. ஆலோசனையில் வராத வருமானத்தை மருந்தில் ஈடுகட்டும் பழக்கம் அப்படித்தான் வேரூன்றியது. அதற்காக நோயாளி இருட்டில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்த முறை போகும்போது, எந்த மாத்திரை எதற்கு, ஒவ்வொன்றும் என்ன விலை என்று பணிவாகவே கேளுங்கள். நீண்ட நாள் மருந்து என்றால் மருந்துச் சீட்டு எழுதித் தரச் சொல்லலாம்; மருந்தகத்தில் விலையை ஒப்பிட்டு வாங்கலாம். கட்டுப்படியாகவில்லை என்றால் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடமே சொல்லுங்கள், அதே குணமுள்ள மலிவான மருந்து பெரும்பாலும் இருக்கும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளி, அரசாங்க மருத்துவமனையின் சிறப்பு மருத்துவரிடம் 5 வெள்ளி. காத்திருக்க வேண்டும், உண்மைதான்.

மனக்குறை ஏற்பட்டால் முகப்பில் சத்தம் போட்டுப் பயனில்லை. புகார்களை விசாரிக்க ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் 586 தனியார் மருத்துவமனைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் கட்டளையிடுகிறது. முதலில் அங்கே எழுத்து மூலம் கொடுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் சுகாதார அமைச்சுக்கு எழுதுங்கள். தேதி, ரசீது, மருந்து உறை எல்லாவற்றையும் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருந்து உறையைத்தான் நாம் முதலில் குப்பையில் போடுகிறோம்.