பழைய எந்திரமும் ஈயமில்லாப் பெட்ரோலும்

இந்தியாவில் 2000 பிப்ரவரி முதல் ஈயம் கலவாத பெட்ரோலே விற்கப்படுகிறது. எனினும் பழைய கார் வைத்திருப்போரிடம், "ஈயமில்லாத பெட்ரோல் வால்வைத் தின்றுவிடும்" என்ற அச்சம் இன்னும் உண்டு. இதில் எவ்வளவு உண்மை?

பெட்ரோலில் ஈயம் சேர்த்தது வால்வுக்காக அன்று. சிலிண்டருக்குள் ஸ்பார்க் பிளக்கிலிருந்து புறப்பட்ட சுடர் வந்து சேருமுன்பே, ஒரு மூலையிலுள்ள கலவை தானே வெடித்துத் தட்டுவதுண்டு. டெட்ரா எத்தில் ஈயம் இத்தட்டலை அடக்குவதை 1921 டிசம்பரில், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்தார்.

ஆனால் ஈயம், யாரும் கேளாமலே, மற்றொரு தொண்டும் செய்து வந்தது. நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுற்றும் கார் எந்திரத்தில், புகையை வெளியேற்றும் வால்வு ஒவ்வொன்றும் நொடிக்கு 25 முறை தன் இருக்கையில் வந்து மோதுகிறது. வால்வோ தணலாய்க் காய்ந்திருக்கும். இருக்கை வெறும் வார்ப்பிரும்பாயின், இரு உலோகங்களும் நுண்ணிய புள்ளிகளில் பற்றவைத்தாற்போல் ஒட்டிக்கொள்ளும். வால்வு எழும்போது இருக்கையிலிருந்து துணுக்குகள் பிய்ந்து வரும். அத்துணுக்குகளே பிறகு அரம்போல் இருக்கையை அராவும். பெட்ரோல் எரிந்தபின் எஞ்சும் ஈயச் சேர்மங்கள் மெல்லிய பூச்சாகப் படிந்து, இந்த ஒட்டுதலைத் தடுத்தன. பூச்சு இல்லையேல் இருக்கை தேயத்தேய வால்வு உள்ளே அமிழும். இறுதியில் சரியாக மூடாமல், கசியும் சூடான வாயுவால் அதன் விளிம்பே எரிந்துபோகும்.

ஆகவே அச்சம் பொய்யன்று. ஆனால் எல்லா எந்திரத்திற்கும் அது பொருந்தாது. அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் இருக்கை தனி வளையமாகவே பொருத்தப்பட்டிருக்கும். அது பெரும்பாலும் தாங்கும். பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டரிலோ இவ்வகை வால்வே கிடையாது! வார்ப்பிரும்பு ஹெட்டிலும், நெடுந்தூரம் அதிவேகமாகவோ பெரும்பாரத்துடனோ ஓட்டினால்தான் தேய்மானம் விரைவாகும்.

பிறகு ஏன் ஈயத்தை நீக்கினர்? புகையோடு வந்த ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். புகையைத் தூய்மைப்படுத்தும் வினையூக்கி மாற்றியையும் பாழாக்கும். அமெரிக்காவில் 1976க்கும் 1980க்கும் இடையே பெட்ரோலில் ஈயம் குறைந்தபோது, மக்களின் இரத்தத்தில் ஈயம் சராசரியாக 37 விழுக்காடு இறங்கியது. சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியாவும் 2021இல் அதை நிறுத்தியது.

பழைய கார் வைத்திருப்பவர் டாப்பட் இடைவெளியை அவ்வப்போது அளந்து குறித்து வரலாம். சரிசெய்தும் அது மீண்டும் மீண்டும் குறைந்தால், வால்வு அமிழ்கிறது என்று ஐயுற வேண்டும். அப்போது ஹெட்டைக் கழற்றி, தேய்ந்த இருக்கையைக் குடைந்தெடுத்து, கடின உலோக வளையம் பொருத்திவிடலாம். அதுவரை ஹெட்டில் கைவைக்க வேண்டியதில்லை.