குழந்தை பேர்ல கேஸ் போட முடியுமா?

முடியும். 1996-ல சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில குறைமாசத்துல பொறந்த ஒரு குழந்தைக்கு, விழித்திரைப் பரிசோதனை செய்யாம விட்டதால பார்வையே போச்சு. தேசிய நுகர்வோர் ஆணையம் கொடுத்தது 5 லட்சம். பெற்றோர் விடலை. 2015-ல உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி கொடுக்கச் சொல்லிச்சு. ஆகிப்போன செலவோட, இனிமே ஆகப்போற மருத்துவச் செலவையும் விலைவாசி ஏற்றத்தோட கணக்குல சேர்த்தாங்க. எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

சரி, கடத்தூர்ல ஒரு குடும்பம் எங்க போறது? காசு கட்டி வைத்தியம் பார்த்த இடம்னா, தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையம். கெடு 2 வருஷம். குழந்தை பேர்ல போடுற சிவில் வழக்குன்னா, 18 வயசு ஆனப்புறம்தான் கெடுவே ஓட ஆரம்பிக்கும். வக்கீல் ஃபீஸ்? குழந்தைகளுக்கு வருமானம் பார்க்காம இலவச சட்ட உதவி உண்டு, 15100-க்கு கூப்பிடுங்க. டிஸ்சார்ஜ் சம்மரி, பில் எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க, ப்ளீஸ்.