ஆழமில்லாக் கடலில் துடுப்புப் படகு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிறந்து வளர்ந்தோர்க்குக் கடல் புதியதன்று. பண்ணைப் பாலத்தைக் கடக்கும்போது சாலையின் இருமருங்கும் அவர்கள் காண்பது கடல்நீரே. குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ செல்வோர் அக்கடலின்மீதே பயணம் செய்கின்றனர். ஆயினும், அந்நீரின் கீழே வாழ்பவை எவை, அவை எங்கே மேய்கின்றன, எப்போது மூச்சுவிட மேலே வருகின்றன என்பவற்றைக் கண்ணாரக் கண்டோர் மிகச் சிலரே. இயந்திரப் படகு தன் ஓசையைத் தனக்கு முன்னே அனுப்பிவிடுகின்றது. படகு வந்து சேருமுன்பே ஆமை அமிழ்ந்துவிடும், பறவை எழுந்துவிடும். எனவே, கடலுயிர்களை அவற்றின் இயல்பான நிலையிலே காண விரும்புவோர் துடுப்பையே நாடுகின்றனர். அனுபவமுள்ள ஒருவர் வழிகாட்ட, 'கயாக்' எனப்படும் சிறு துடுப்புப் படகில் கரையோரமாகச் சென்று கடலுயிர்களைப் பார்த்து வரும் வழக்கம் உலகின் பல கடற்கரைகளில் பரவியுள்ளது. யாழ்ப்பாணத்தைச் சூழ்ந்த நீர்ப்பரப்பு இதற்கு எவ்வாறு பொருந்துகின்றது, அதில் எத்தகைய கவனம் வேண்டும் என்பன ஆராயத்தக்கவை.

கயாக் என்னும் படகு பனிக்கடலிலே பிறந்தது. கிரீன்லாந்து, அலாஸ்கா முதலிய வடதுருவப் பகுதிகளில் வாழ்ந்த மக்கள் மிதந்து வந்த மரத்தாலும் எலும்பாலும் சட்டம் அமைத்து, அதன்மேல் கடல்நாயின் தோலைப் போர்த்தி இதனைச் செய்தனர். வேட்டைக்காரன் தனியே அமர்ந்து, இரு முனையும் அலகுள்ள துடுப்பினால் ஓசையின்றி நீரைத் தள்ளிச் சென்று, கடல்நாயை அணுகி ஈட்டி எறிவதற்கென்றே அது அமைக்கப்பட்டது. 1865ஆம் ஆண்டில் ஜோன் மக்கிரெகர் என்னும் ஸ்கொத்லாந்து வழக்கறிஞர் இதைத் தழுவிய ஒரு படகில் ஐரோப்பிய ஆறுகளிலும் ஏரிகளிலும் பயணம் செய்து, மறு ஆண்டு அதனை நூலாக எழுதினார். அதன்பின் மேல்நாடுகளில் துடுப்புப் படகுப் பயணம் ஒரு பொழுதுபோக்காயிற்று. இக்காலத்துக் கயாக்குகள் பெரும்பாலும் பிளாஸ்திக்கினாலோ கண்ணாடி இழையினாலோ ஆனவை. ஒருவர் அமரும் கடல் கயாக் ஏறத்தாழ 5 மீற்றர் நீளமுடையது. அது நீரில் அமிழும் அளவு ஒரு சாண்கூட இராது. அதன் வேகம் ஒருவர் நடக்கும் வேகத்தைச் சற்றே விஞ்சும். கொல்வதற்காக அணுகிய படகு இன்று காண்பதற்காக அணுகுகின்றது.

இனி, யாழ்ப்பாணக் கடலின் இயல்பை நோக்குவோர்க்கு அதன் ஆழமின்மையே முதலில் புலப்படும். குடாநாட்டுக்கும் தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே பரந்து கிடக்கும் கடல்நீரேரியிற் பல இடங்களில் ஆழம் ஓரிரு மீற்றரே. வேலணை, மண்டைதீவு, புங்குடுதீவு, காரைநகர், அனலைதீவு, எழுவைதீவு முதலிய தீவுகள் அலையின் வேகத்தைத் தடுக்கும் அரண்களாய் நிற்கின்றன. அப்பாலுள்ள பாக்கு விரிகுடாவும் ஆழமற்ற கடலே. மேலும், குடாநாடு சுண்ணக்கல்லால் ஆன நிலம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் அங்கில்லை. வழுக்கியாறும் மழைக்காலத்திலேதான் ஓடுகின்றது. ஆகவே, மாரி கழிந்து நீர் தெளிந்த மாதங்களில் ஞாயிற்றின் ஒளி அடிமண் வரை சென்று சேர்கின்றது. ஒளி சேரும் இடத்திலே கடற்புல் செழிக்கின்றது.

கடற்புல்லைப் பாசி என்று பலர் எண்ணுவர். அது தவறு. பாசிக்கு உண்மையான வேரும் பூவும் இல்லை. கடற்புல்லோ வேரும் தண்டும் இலையும் உடையது. நீருக்குள்ளேயே பூத்துக் காய்த்து விதையிடும் தாவரம். காற்றுக் காலங்களில் கரையிலே குவியலாக ஒதுங்கும் சாதாழையில் இதன் இலைகள் கலந்திருப்பதைக் காணலாம். இப்புல்வெளியே இறாலுக்கும் நண்டுக்கும் பல மீன்குஞ்சுகளுக்கும் தொட்டில். அதன் வேர்கள் அடிமண்ணைப் பிடித்து நிறுத்துகின்றன. யாழ்ப்பாணத்து நண்டின் சுவையைப் புகழ்வோர், அந்நண்டை வளர்த்த புல்லுக்கும் அப்புகழில் ஒரு பங்கு கொடுத்தல் வேண்டும்.

துடுப்புப் படகில் அமர்ந்தவரின் கண் நீர்மட்டத்திலிருந்து மூன்றடி உயரத்துக்குள்ளேயே இருக்கின்றது. எனவே அவர் காண்பன கப்பலில் நிற்பவர் காண்பனவல்ல. வளர்ந்த பேராமை கடற்புல்லை உணவாகக் கொள்வது. அது மேலெழுந்து ஒரு கணம் தலையை நீட்டி மூச்செடுத்து மீண்டும் மேய்ச்சலுக்குத் திரும்பும். வாடைக்காலம் நெருங்க, வடபுலத்திலிருந்து வலசை வரும் உள்ளான் முதலிய கரைப்பறவைகள் சேற்றுத் திட்டுகளில் இரை தேடும். பூநாரைகள் கூட்டமாக நின்று, வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்திச் சிற்றுயிர்களை அரித்து உண்ணும். குடாநாட்டின் தென்கிழக்கிலுள்ள சுண்டிக்குளம் இப்பறவைகளின் பொருட்டே 1938ஆம் ஆண்டிற் சரணாலயமாக்கப்பட்டது. 2015இல் அது தேசிய வனமாக உயர்த்தப்பட்டது.

இக்கடலின் உயிர்களுள் மிக அரியது ஆவுளியா ஆகும். கடற்பசு என்றும் கடற்பன்றி என்றும் இதனை வழங்குவர். மூன்று மீற்றர் வரை வளரும் இப்பிராணி மீனன்று. குட்டியீன்று பாலூட்டும் விலங்கு. கடலிலே வாழும் முலையூட்டிகளுள் முற்றும் புல்லை நம்பியே வாழ்வது இதுவொன்றே எனலாம். 1861ஆம் ஆண்டில் இலங்கையின் இயற்கை வரலாற்றை நூலாக வெளியிட்ட எமர்சன் தெனென்ற், மன்னார்ப் பக்கத்துக் கடலில் ஆவுளியா வாழ்வதைக் குறித்ததோடு, கடற்கன்னி பற்றிய பழங்கதைகளுக்கும் அதற்குமுள்ள தொடர்பையும் எடுத்துரைத்தார். எதிர்க்கரையில் இராமேசுவரத்துக்கு அண்மையிலுள்ள மண்டபத்தில் ஒரு சோடி ஆவுளியாக்களை வளர்த்து ஆராய்ந்த செய்தி 1959இல் விஞ்ஞான ஏட்டில் வெளியாயிற்று. அக்காலத்திற் பாக்கு விரிகுடாவின் மீனவர்க்கு அது பழகிய பிராணி. இன்றோ, அதனைக் கண்டேன் என்று சொல்வோர் அருகிவிட்டனர்.

ஆயினும், ஆவுளியாவைக் காணாதவரும் அதன் தடத்தைக் காணக்கூடும். அது புல்லை இலையளவிற் கடித்து உண்பதில்லை. முகத்தை மண்ணில் பதித்து வேரோடு பிடுங்கி மேய்கின்றது. மேய்ந்த வழி புல்வெளியின் நடுவே வளைந்து செல்லும் வெறுந்தரையாகத் தோன்றும். வயலில் ஒற்றை ஏர் உழுது சென்ற சால்போல அது இருக்கும். பேராமையோ இலைகளைக் கத்தரித்தாற்போல் நறுக்கி உண்ணும், வேரை விட்டுவிடும். தெளிந்த நீரில் இவ்விரண்டையும் பிரித்தறிந்து காட்டுதலே வழிகாட்டியின் கல்வி. அறியாதவர்க்கு அது வெறும் மணல்; அறிந்தவர்க்கு அன்றைய மேய்ச்சலின் வரலாறு.

இங்கே ஓர் உண்மையை மறத்தலாகாது. ஓசையின்மை நன்மை மட்டும் செய்வதன்று. இயந்திரத்தின் ஒலி தொலைவிலேயே எச்சரிக்கை தருகின்றது. ஓசையற்ற படகோ வேட்டை விலங்கைப்போலத் திடீரென அருகிலே தோன்றுகின்றது. திடுக்கிட்டெழும் பறவைக் கூட்டம் பறப்பதற்குச் செலவிடும் வலிமை, ஆயிரக்கணக்கான மைல் வலசைக்காக உண்டு சேர்த்த வலிமையாகும். தாய் ஆவுளியாவுக்கும் குட்டிக்கும் இடையே படகு புகுந்தால் குட்டி தாயைப் பிரிய நேரிடும். ஆதலால், நல்ல வழிகாட்டியின் திறமை எவ்வளவு அருகில் அழைத்துச் செல்கின்றார் என்பதிலன்றி, எவ்விடத்தில் துடுப்பை நிறுத்தச் சொல்கின்றார் என்பதிலேயே விளங்கும். மேய்ந்த பறவை தலைநிமிர்ந்து பார்த்தால் அதுவே எல்லை. ஆமை இரண்டாம் முறை எழாது நீங்கினால் படகு பின்வாங்க வேண்டும். பயணிகள் ஒரு பக்கத்திலே சேர்ந்து நிற்பர்; எந்த உயிரையும் சூழ்ந்து வளைத்தல் ஆகாது. கடல்வாழ் முலையூட்டிகளைப் பார்க்கச் செல்லும் படகுகளுக்கு இலங்கையில் 2012ஆம் ஆண்டு விதிகள் பிறப்பிக்கப்பட்டன. ஆயினும், நடுக்கடலில் விதியைக் காப்பது வழிகாட்டியின் மனச்சான்றேயாகும்.

பயணியின் உயிரைக் காப்பதும் அவர் பொறுப்பே. இதற்குக் காற்றின் அறிவு இன்றியமையாதது. வாடைக்காலத்தில் வடகரையெங்கும் அலை எழுந்து அச்சுறுத்துவதால் எவரும் சிறுபடகை இறக்கத் துணியார். சோளகக் காலமோ வஞ்சகமானது. தென்மேற்கிலிருந்து வீசும் காற்று பருத்தித்துறை, வல்வெட்டித்துறை முதலிய வடகரைகளிலே தரையிலிருந்து கடலை நோக்கிச் செல்கின்றது. கரையோரம் குளம்போல் அமைதியாகத் தோன்றும். சற்று விலகிய படகைக் காற்று நடுக்கடலுக்குத் தள்ளிவிடும். திரும்பி வரத் துடுப்பு வலி போதாது. எனவே, இரு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட மாசி, பங்குனி மாதங்களும், தீவுகளின் மறைவிலுள்ள நீர்ப்பரப்பும் இதற்கு ஏற்றவை. வைகறையிலே புறப்பட்டுக் காற்று ஏறுமுன் கரை சேர்வர். போகும்போது காற்றை எதிர்த்தும் திரும்பும்போது காற்றின் துணையோடும் செல்வது பழைய முறை. உயிர்காப்பு அங்கியின்றி எவரும் ஏறலாகாது. படகு கவிழ்ந்தால் நீந்தி ஓடாமல் அதனைப் பற்றிக்கொண்டே மிதத்தல் வேண்டும்.

இவ்வறிவெல்லாம் எவரிடம் உள்ளது? வள்ளத்தைக் கோலூன்றிச் செலுத்தியும், களங்கட்டியிலும் சிறகுவலையிலும் மீன் பிடித்தும் வாழும் மீனவரிடமே உள்ளது. எந்தத் திட்டு வற்றில் வெளிப்படும், எந்த நீரோட்டம் எப்போது திரும்பும் என்பன அவர்களுக்குப் பரம்பரைச் செல்வம். 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் இக்கடல்கள் கடுமையான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டன. பல ஊர்கள் இடம்பெயர்ந்தன. மகன் தந்தையுடன் கடலுக்குச் சென்று கற்கும் வழக்கம் பல குடும்பங்களில் தடைப்பட்டது. வெளியூரார் படகை மட்டும் கொண்டுவந்து இத்தொழிலை நடத்துவாராயின், மீனவர் தம் கடலிலேயே அயலாராவர். வலைக்கம்புகளும் கடலட்டை வளர்க்கும் அடைப்புகளும் அவர்களுடைய பிழைப்பு. அவற்றிற்கு வழிவிட்டுச் செல்லாத பயணம் முறையானதன்று.

ஊரார் கையில் இத்தொழில் இருந்தால் என்னவாகும் என்பதற்கு, அதே பாக்கு விரிகுடாவின் மேற்குக் கரையில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்திலுள்ள காரங்காடு ஒரு மீனவக் கிராமம். அங்கே வனத்துறையும் ஊர்மக்களும் இணைந்து, அலையாத்திக் காட்டுக் கால்வாய்களிலே வருவோரைப் படகிலும் கயாக்கிலும் அழைத்துச் செல்கின்றனர். கடற்புல்லையும் பறவைகளையும் காட்டுவோர் அவ்வூராரே. மரத்தை வெட்டாமல் வைத்திருப்பதும் ஒரு வருவாய் என்பதை அவ்வூர் கண்டுகொண்டது. யாழ்ப்பாணத் தீவுகளின் ஊர்களும் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

எண்ணிப் பார்ப்பதற்குக் காலம் குறுகியது. பெண் ஆவுளியா ஓராண்டுக்கு மேல் சூல் சுமந்து ஒரேயொரு குட்டியை ஈனும். அடுத்த குட்டிக்குப் பொதுவாக மூன்று முதல் ஏழு ஆண்டுகள் செல்லும். வலையில் அகப்பட்டு மூச்சடைத்து இறக்கும் ஒவ்வொன்றும் ஈடுசெய்தற்கரிய இழப்பு. அடிமண்ணை வாரும் இழுவை மடிகள் மேய்ச்சல் நிலத்தையே பெயர்த்தெடுக்கின்றன. இலங்கை 2017ஆம் ஆண்டில் அவ்வகை மீன்பிடியைச் சட்டத்தால் தடைசெய்தது. 2022இல் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீற்றரை ஆவுளியாவின் காப்பகமாக அறிவித்தது. ஆவுளியாவின் உறவான ஸ்ரெல்லர் கடற்பசு வடபசிபிக் கடலில் 1741இல் விஞ்ஞானிகளின் கண்ணிற் பட்டது. கப்பலோட்டிகளின் வேட்டையால் 1768 அளவில் அற்றுப்போயிற்று. ஓர் இனம் முழுவதும் மறைவதற்கு இருபத்தேழு ஆண்டுகள் போதியனவாயின.

கண்ணாற் காணாததைக் காக்க மனிதர் எளிதில் முன்வருவதில்லை. துடுப்புப் படகு அக்காட்சியைத் தரும் ஓர் எளிய கருவி. வைகறை வெளிச்சத்திற் படகை நிறுத்தி, துடுப்பை மடிமேல் வைத்து அமர்ந்திருக்கும் பயணியின் அருகே ஒரு பேராமை மூச்செடுக்கும் ஒலி கேட்குமாயின், அல்லது நீரின் அடியிலே ஓர் ஆவுளியா மேய்ந்த சால் தெரியுமாயின், அந்தப் புல்வெளி அவர்க்கு அதன்பின் பெயரற்ற நீர்ப்பரப்பாக இராது. அச்சால்கள் இன்னும் பல தலைமுறைக்குத் தெரிய வேண்டுமானால், காண வருவோர் தொலைவிலே நிற்கக் கற்றல் வேண்டும். அத்தொலைவை அளந்து சொல்பவர் அக்கடலின் மக்களாக இருத்தல் வேண்டும்.